பரமேஸ் அக்கா பழுதாக்கத் தந்த பிரிட்ஜ்

பரமேஸ் அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் கட்டாரிலிருந்து வந்தது. சாவகச்சேரியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நடந்தது, கடல் கடந்து போன குகனுக்குத்தான் முதலில் எட்டியிருந்தது. "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா, அண்ணை," என்று தொலைபேசியில் அழுதான். அழுகைக்கு நடுவே, "அந்தப் பிரிட்ஜ் இன்னும் ஓடுதோ?" என்றும் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுடன் பழகியவர்களுக்குக் காரணம் தெரியும். மற்றவர்களுக்காக, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் அச்சடித்துக் கொடுக்கும் இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கிறேன்.

அவர் எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளர். நான் அங்கே கணக்கெழுதும் கிளாக்கர். பெற்றோலுக்கு நாங்கள் வரிசையில் நின்ற அந்த ஆண்டில், வேலை தெரிந்தவர்களெல்லாம் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். சந்தையடிக் கூல்பார்க்காரர், திருத்த ஆளில்லாத ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வெங்காயம் போட்டு வைத்திருந்தார். எங்களிடம் குளிர்சாதனம் திருத்தப் படித்த பன்னிரண்டு பேருக்கும் சோதனைக்கு ஆறு கிழமைதான் இருந்தது. அப்போதுதான் அவர்களுக்குப் படிப்பித்த குகன் கையில் லட்டோடு வந்து நின்றான். விசா வந்துவிட்டது. படிப்பிக்க ஆளில்லாவிட்டால் வகுப்பை மூடவேண்டியதுதான்.

அக்கா லட்டைக் கடித்தபடி சொன்னார்: "போறது பிழையில்லைத் தம்பி. உன்ரை இடத்துக்கு ஒரு ஆளைப் பழக்கிப்போட்டுப் போ."

"நாலு நாளுக்குள்ளை ஆரை அக்கா பழக்கிறது?"

அக்காவின் கண் என் மேசைப் பக்கம் திரும்பியது. "உவர் வீட்டிலை தண்ணி மோட்டர் கழட்டிப் பூட்டுறவர்தானே?"

அன்றிலிருந்து எல்லோர் முன்னாலும் என்னை மாஸ்ரர் என்றே கூப்பிட்டார். குகனிடம் நான்கு நாளில் படித்ததை நான் இழுத்து இழுத்துப் படிப்பித்தேன். பதில் தெரியாத கேள்விகள் வட்ஸ்அப்பில் கட்டாருக்குப் போயின. ஆனால் செய்துபழக நிலையத்தில் ஒரேயொரு பிரிட்ஜ் பெட்டிதான் இருந்தது. அதன் மோட்டரை முதல் கிழமையிலேயே எரித்துவிட்டேன். வெட்கத்தில் அன்று நான் சாப்பிடவில்லை.

அக்கா ஏசவில்லை. மறுநாள் காலை ஒரு மாட்டு வண்டியில் அவர் வீட்டுப் பிரிட்ஜ் வந்து இறங்கியது. ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டி! "வடிவாய்ப் பழுதாக்குங்கோ. திருத்தினால்தான் அது வீட்டை போகும்," என்றார்.

மத்தியானம் அவர் கணவர் சைக்கிளில் வந்தார். அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமலே அக்கா பெட்டியை ஏற்றியிருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"பரமேஸ், பிரிட்ஜ் எங்கை?"

"வகுப்பிலை."

"அதுக்குள்ளை இருந்த என்ரை தயிர்?"

வகுப்பு தலையைக் குனிந்துகொண்டது. தயிர்ச் சட்டி ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

பன்னிரண்டு பேரும் மாறிமாறி அந்தப் பெட்டியைப் பழுதாக்கித் திருத்தினார்கள். பதினொரு பேர் சித்தியடைந்தார்கள். அவர்களில் சுகந்தி முதல் வேலையாகக் கூல்பார்க்குப் போய் வெங்காயத்தை வெளியே எடுத்தாள். தவறிய ஒருவரையும் அக்கா அடுத்த சோதனையில் இருத்திச் சித்தியடைய வைத்தார். பிரிட்ஜ் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு முறையும், "அடுத்த வகுப்பு முடியட்டும்," என்பார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அக்காவின் கணவரிடம், "அண்ணை, இனிப் பிரிட்ஜைக் கொண்டுவந்து தாறன்," என்றேன்.

"வேண்டாம், மாஸ்ரர். இஞ்சை வந்தால் அது சும்மா ஓடிக்கொண்டு நிக்கும். அங்கையே நிக்கட்டும்."

செத்தவீட்டில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

பரமேஸ் அக்கா எனக்கு விட்டுப்போனவை அந்தப் பெட்டியும் மாஸ்ரர் என்ற பெயரும். திங்கட்கிழமை புதிய வகுப்பு தொடங்குகிறது. பிள்ளைகள் வருவதற்கு முன் போய், நன்றாக ஓடும் அந்தப் பெட்டியில் ஒரு வயரைக் கழற்றிவிட வேண்டும்.