786 போட்ட கோப்பு

கொழும்பில் வாங்கிய ஒரு தடித்த புத்தகத்தின் பின்னட்டையில் லினக்ஸ் சிடி ஒட்டியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், கல்முனையில் என் சாச்சா, வாப்பாவின் தம்பி, தொடங்கவிருந்த கம்ப்யூட்டர் வகுப்பின் ஒரே மெஷினில் அதை ஏற்றினேன். விண்டோஸை அழித்துவிட்டுத்தான். கற்றுக்கொடுக்க இருந்தது நானும், ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவும்.

பெயரும் கடவுச்சொல்லும் அடித்ததும் பாடப் பட்டியல் திரையில் வரும் என்று சாச்சாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் மெஷின் தானாக வாசிக்கும் .profile என்ற கோப்பில் அதை எழுதினேன். செவ்வாய் காலை வேலை செய்தது. புதன் செய்யவில்லை. கட்டளைக்குக் காத்திருக்கும் வெறும் டொலர் குறி மட்டும். வெள்ளி பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு திறப்பு விழா.

"அண்டைக்கும் இது வேல செய்யல்லண்டா பழயபடி விண்டோஸ்தான். நீ வீட்ட இருந்து படி" என்றார் சாச்சா.

கோப்பைத் திரும்பத் திரும்ப அடித்தேன். அனுமதிகளை மாற்றினேன். மெஷினை அணைத்து அணைத்து ஏற்றினேன். கண்ணூறு என்று முடிவுகட்டிய சாச்சா மொனிட்டரைச் சுற்றிச் சாம்பிராணி காட்டினார். எனக்கு இருமல் வந்தது, பட்டியல் வரவில்லை.

வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்து வந்துதான் புத்தி வேலை செய்தது. புள்ளியில் தொடங்கும் கோப்புகளைச் சாதாரணமாக மெஷின் காட்டாது. மறைந்தவற்றையும் காட்டச் சொன்னேன். .bash_profile என்று ஒன்று! நான் உண்டாக்காதது. உள்ளே ஒரே வரி: # 786.

எங்கள் ஊரில் கடிதமானாலும் கல்யாணக் கார்டானாலும் தலைப்பில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக அந்த எண் இருக்கும்.

"ராத்தா, இதென்னகா?"

"செவ்வாய்க்கிழம பின்னேரம் நான்தான் போட்டன். மெஷின் மொதல்ல வாசிக்கிற பைல் இதெண்டு உண்ட புத்தகத்துலதானே இரிக்கி. நல்லபடியாத் தொடங்கட்டுமெண்டு போட்டன். முன்னுக்கு அந்த # குறியும் போட்டிரிக்கன், மெஷின் அந்த வரிய விட்டுட்டுப் போகும், பிழ வராது."

உண்மைதான், ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் அந்தக் கோப்பு இருந்தால் மெஷின் அதை வாசித்த திருப்தியில் என் .profile பக்கமே எட்டிப் பார்க்காது.

அழிக்கப் போனேன். பின்னால் சாச்சா.

"786ஐயாடா அழிக்கப் போற? அதுவும் இண்டைக்கு?"

கையை எடுத்தேன். அந்த வரியின் கீழே, .profile ஐயும் போய் வாசி என்று ஒரு வரி சேர்த்தேன்.

அஸர் முடிந்து பெற்றோர் நிறைந்த அறையில் பட்டியல் பளிச்சென்று வந்தது. சாச்சா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"மூணு நாளா இவன் தலகீழா நிண்டான். புள்ள 786 போட்டிச்சி, பாருங்க, சரி வந்திட்டு!"

ராத்தா என்னைப் பார்த்தாள். சாச்சாவின் மேசையில் விண்டோஸ் சிடி தயாராக இருந்தது.

"ஓம் சாச்சா" என்றேன்.