தேசம்மா இல்லாத முதல் கட்டம்

சௌமியா மாதச் சம்பளம் வாங்குவது மறைக்கிற வேலைக்கு. கிண்டியில், கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் வலைப்பக்கத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். 'உடனடிக் கடன்' என்ற எழுத்து பளிச்சென்று தெரியவேண்டும். நிபந்தனைகள் தெரியக்கூடாது. அதற்காக அவை இல்லாமலும் போகக்கூடாது, சட்டம் ஒன்று இருக்கிறதே. ஆகவே அவற்றை ஒரு சின்ன அம்புக்குறிக்குள் மடித்து வைத்துவிடுவாள். அழுத்தினால் விரியும். யாரும் அழுத்துவதில்லை. இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் நாலைந்து வரி போதும். உண்மையை மறைக்க இவ்வளவு குறைவாக எழுதினால் போதும் என்பது பத்திரிகையில் இருக்கும் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அவள் வீடு திருவொற்றியூர்க் கடலோரக் குப்பங்களில் ஒன்றில். அப்பா செல்வம் விசைப்படகில் தங்கல் போகிறவர். போனால் வாரக்கணக்கில் கடலில்தான். அம்மா பச்சையம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்து, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறவர். குப்பத்தில் சௌமியாவின் பேச்சு ஒன்று, கிண்டியில் இன்னொன்று. ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டும்போது 'இன்னா' மறைந்து 'என்ன' தெரியத் தொடங்கும். மாலையில் அதே இடத்தில் திரும்பி மாறும். அதற்கு அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

குப்பத்துப் பெண்களுக்காக ஒரு வலைப்பக்கம் போட்டுக் கொடுத்ததுதான் அவள் சம்பளமில்லாமல் செய்த ஒரே வேலை. வேலைக்குப் போகிற வீடுகளில் இப்போது யாரும் சாலையோரம் வந்து மீன் வாங்குவதில்லை, போனில் கேட்கிறார்கள். வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கம் குடியிருப்பவர்கள்கூடக் கேட்கிறார்கள். சரியென்று ஏழு பெண்கள், ஏழு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு பெயர், இன்றைய மீன் என்ன, தொட்டால் நேராக அந்தப் பெண்ணுக்கே மணியடிக்கும் பொத்தான். மீன் ஆட்டோவில் போய்ச் சேரும். கட்டங்களின் வரிசையை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சாலையோரத்தில் உட்காருகிற வரிசை எதுவோ அதுதான். பேருந்து நிறுத்தத்திலிருந்து வந்தால் முதலில் தேசம்மா, தூங்குமூஞ்சி மர நிழலில். அடுத்தது பச்சையம்மா, வெயிலில். பிறகு மற்றவர்கள். இந்த வரிசை சௌமியா பிறப்பதற்கு முன்பே போட்டது. இதற்குப் பட்டா கிடையாது, பலகை கிடையாது. ஆனால் மாற்றிப் பாருங்கள், தெரியும்.

எல்லாருக்கும் எல்லா நாளும் மீன் கிடைப்பதில்லை. ஏலம் கட்டுப்படியாகாது, காய்ச்சல் வரும், யாராவது செத்துப்போவார்கள். மீன் இல்லாதவரின் முகம் பக்கத்தில் தெரிந்தால் ஆட்கள் போன் போட்டு ஏமாறுவார்கள். அதனால் காலையில் ஒவ்வொருவரும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும்; சௌமியா ரயிலில் நின்றபடியே மீன் உள்ளவர்களுக்கு மட்டும் டிக் போடுவாள்; டிக் இல்லாத கட்டத்தை ஜாவாஸ்கிரிப்ட் மறைத்துவிடும். எப்படி மறைப்பது என்பதில் அவள் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் எப்படியோ அப்படி. கட்டம் போய்விடும், அதன் இடமும் போய்விடும், பின்னால் இருப்பவை முன்னே நகர்ந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அலுவலகத்தில் ஓட்டை தெரிந்தால் மேலாளர் திட்டுவார்.

ஒருநாள் விட்டுப்போனவர்கள் இதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்கும்படி ஆனது தேசம்மாவுக்கு மூட்டு அறுவை நடந்தபோது. எண்ணூரில் மகள் வீட்டில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். அவர் கட்டம் நாள் தவறாமல் மறைந்தது, பச்சையம்மா நாள் தவறாமல் முதல் கட்டத்தில் இருந்தார்.

முதல் கட்டம் என்பது சாதாரணமில்லை. வாடிக்கைக்காரர்கள் முகத்தைப் பார்த்து அழுத்துவதில்லை, பழக்கத்தில் அழுத்துகிறார்கள். கட்டைவிரலுக்குத் தேசம்மாவும் தெரியாது, பச்சையம்மாவும் தெரியாது. மேலே இருக்கும் முதல் பொத்தான் தெரியும். பச்சையம்மாவின் போன் விடியற்காலையிலிருந்தே அடித்தது. வெயில் ஏறுவதற்குள் சங்கராவும் கடம்பாவும் தீர்ந்துபோயின. "எனக்கு இப்பத்தான் ராசி தொறந்துகீது" என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார். மற்றவர்களுக்கும் ஒவ்வொரு கட்டம் முன்னே வந்த சந்தோஷம் இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

தேசம்மா மருமகனின் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது. அன்று மார்க்கெட்டில் ஆறு போன்களும் அதை ஒலிபெருக்கியில் ஓட்டின.

"எம்மே பச்ச, எனக்குப் போனது காலுதான், கண்ணு நல்லாத்தான் கீது. என் எடத்துல குந்திகினு கீற. குந்து, ராசியான எடந்தான். ரெண்டு நாள் பொறுத்திருந்தா நானே செத்துத் தொலஞ்சிருப்பேன், அப்பால ஜம்முனு குந்திருக்கலாம்."

பச்சையம்மாவும் பதில் போட்டார். "நானா போய் குந்துனேன்? கம்பூட்டரு இஸ்துகினு போய் வெச்சிது. கேக்கறதுனா அத்தப் போய்க் கேளு."

"கம்பூட்டரு யாரு வூட்டுது? உன் பொண்ணு வூட்டுதுதான?"

 பதிலுக்குக் காத்திராமல் தேசம்மாவே முடித்தார். "சௌமியா, என் படத்த எடுத்துடு கண்ணு. கால் நல்லானாலும் நான் உன் போன்ல விக்க வரல. உங்கம்மா பக்கத்துலயும் குந்த வரல. வேற மார்க்கெட்டு பாத்துக்கறேன்."

சௌமியா இதை அலுவலக மாடிப்படியில் நின்று கேட்டாள். அம்மாவும் தேசம்மாவும் சண்டை போடுவது புதிதல்ல. ஆனால் 'பக்கத்துல குந்த வரல' என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதியது அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சாக்கில் உட்கார்ந்து. இப்போது அவளே எழுதிய ஒரு வரியில் அந்த இரண்டு பேர் பிரிகிறார்கள். அதோடு, வேண்டுமென்றே அம்மாவுக்காக எழுதினாள் என்று பெயர் வேறு.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "யம்மா, ரெண்டு விதமா மறைக்கலாம். ஒண்ணுல ஆளும் போவும், எடமும் போவும். இன்னொண்ணுல ஆளு மட்டும் தெரிய மாட்டாங்கோ, எடம் அப்டியே காலியா கெடக்கும். நான் மொத விதமா எய்திட்டேன். ஒரே ஒரு வார்த்ததான், மாத்திட்றேன்."

"மாத்தாத."

"இன்னாமா சொல்ற?"

"அவ வர்ற வரிக்கும் இருக்கட்டும். சொம்மா காலியா கெடக்கறதுல யாருக்கு இன்னா லாபம்? வந்தா எய்ந்துக்கப் போறேன்."

"அவங்கோ அய்வுறாங்கோமா."

"அவ எங்க அய்வுறா, கத்துறா. கண்ணாலமாயி வந்ததுலேர்ந்து பக்கத்துல குந்திகினு கேட்டுகினு கீறேன், எனக்குத் தெரியாது?" பச்சையம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்தார். "அவளுக்கு நெழலு, எனக்கு வெயிலு. அவ வித்து மிஞ்சுன கஷ்டமருதான் என்கிட்ட வரும். ஒரு தபா, ஒரே ஒரு தபா நான் மொதல்ல குந்திப் பாத்தா இன்னா கொறஞ்சிடும்?"

இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசையில் இரண்டாவதாக நின்றே ஆயுள் கழிந்தவர்களுக்கு, முன்னால் நிற்பவரின் மூட்டுவலியில் ஒரு சின்ன வெளிச்சம் தெரியத்தான் செய்யும். பெரிய பெரிய அலுவலகங்களில் இதற்குப் பதவி உயர்வு என்று பெயர். சௌமியாவும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ஒன்றும் மாற்றவில்லை.

சனிக்கிழமை விடுமுறை. அம்மாவுக்கு இட்லி எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல நகராமல் நின்றன. தேசம்மாவின் இடத்தில் ஓர் அன்னக்கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் நனைத்த சாக்கு. கூடை பச்சையம்மாவுடையது. புதிதாக வந்த ஒரு பெண் நெத்திலியை இறக்கி வைக்க நிழலைப் பார்த்து வந்தாள்.

"அங்க ஆளு கீது" என்றார் பச்சையம்மா, மீனைச் செதில் எடுத்தபடி.

"எங்கக்கா கீது? கூடதான கீது."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, வரும். நீ தள்ளிக்கினு போ மே."

"தெனிக்கும் இதான் சொல்ற."

"தெனிக்கும் நீ வந்தா தெனிக்கும் சொல்லுவேன்."

நிழல் காலியாகவே இருந்தது. பச்சையம்மா ஓர் அடி நகர்ந்தால் அவருக்கே கிடைத்திருக்கும். நகரவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் போன் அடித்தது. யாரோ முதல் கட்டத்தை அழுத்தியிருந்தார்கள். "சொல்லுமா, வஞ்சிரம் கீது" என்று உற்சாகமாக எடுத்தார்.

மண்ணில் தோழியின் இடத்தைக் காவல் காத்துக்கொண்டே போன் கண்ணாடியில் அதே இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை என்னவென்று சொல்வது? வேஷம் என்று சொல்லலாம், சுலபம்தான். ஆனால் பச்சையம்மாவின் கணக்கில் போனில் இருப்பது இடமே இல்லை. அங்கே யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை, சாக்கு விரிக்கவில்லை. அது காற்றில் வந்த அதிர்ஷ்டம். நேரில் ஒருவரைத் தள்ளிவிட்டு முன்னேறக் கூசுகிற நாமும், யார் கையும் படாமல் அவர் தானாக மறைந்துபோனால் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறோம். கூச்சம்கூடத் தோன்றுவதில்லை.

சௌமியா இட்லியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அந்த ஒரு வார்த்தையை மாற்றினாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதல் கட்டம் வெள்ளையாகக் கிடந்தது. பச்சையம்மா இரண்டாவதில் இருந்தார். பக்கம் பாதி வரவில்லை, நெட் சரியில்லையா என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள். ஒருவர் காலி இடத்தையே நாலு தடவை அழுத்திவிட்டு, போன் பழுதென்று கடைக்குக் கொண்டுபோனாராம். பச்சையம்மாவின் மடி அமைதியானது. மகளிடம் பேச்சை நிறுத்தினார். தட்டை வைக்கும் சத்தத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவார். இப்படி ஒரு வாரம் போனது.

அப்போதுதான் தேவப்பிரியம் அண்ணாச்சி வந்தார். சாலைக்கு எதிரே கயிறும் ஐஸ் பெட்டியும் மொத்தமாக விற்கிறவர், தெற்கத்திக்காரர்.

"பச்சையம்மா, ஒங்க பக்கத்துல மொதக் கட்டம் சும்மாதான கெடக்கு? நம்ம ஐஸ் பெட்டி வெளம்பரம் ஒண்ணு போட்டுக்கிடுதேன். வாடகை தாரேன்."

"அது தேசு எடம், அண்ணாச்சி."

"தெரியும்லா. அவ வரவும் எடுத்துருவோம். வெறுமனே கெடக்கதுல யாருக்கு என்ன லாபம்?"

பச்சையம்மா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார். அந்த வாக்கியத்தைத் தன் வாயிலேயே கேட்டது நினைவுக்கு வந்திருக்கும் போல.

"ஆளு உசுரோட கீது அண்ணாச்சி. அதுக்குள்ள பொட்டியத் தூக்கிகினு வந்துட்டியே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்ததில் அண்ணாச்சி சாலையைக் கடந்துவிட்டார். பச்சையம்மா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். குழுவில் இல்லை, நேராகவே போட்டார்.

"தேசு, நான்தான். வெச்சிடாத. உன் எடத்த வாடகைக்குக் கேக்கறான் மே, அந்த அண்ணாச்சி."

தேசம்மா வைக்கவில்லை. "எவ்ளோ குடுப்பானாம்?"

"கேக்கலியே."

"கேட்டுட்டுத் தொரத்த வேணாமா? உனுக்கு எப்பத்தான் யாவாரம் வரப்போவுது."

அடுத்த அரைமணி நேரம் இருவரும் சேர்ந்து அண்ணாச்சியைத் திட்டினார்கள். அவர் பெட்டி ஒழுகும் கதை, அவர் கயிறு அறுந்த கதை எல்லாம் வந்தன. சண்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்களுக்குள் மன்னிப்பு என்பது சேர்ந்து மூன்றாவது ஆளைத் திட்டுவதுதான் போலிருக்கிறது.

நாலைந்து நாளில் தேசம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஊன்றுகோல். காசிமேடுவரை போக இன்னும் கால் இடம் கொடுக்கவில்லை, அதனால் மீன் இல்லை. சும்மா உட்கார வந்தேன் என்றார். உட்கார்ந்தார். பச்சையம்மா தன் போனைப் பார்த்தார், தேசம்மாவைப் பார்த்தார், மகளுக்குப் போன் போட்டார். பேச்சை நிறுத்தியது அவருக்கே மறந்திருந்தது. சௌமியா அப்போது ரயிலில்.

"ஆளு வந்து குந்திகினு கீது. போன்ல இன்னும் காணோம்?"

"அவங்கோ மீன் எடுக்கலியேமா. டிக் போட்டாத்தான் தெரியும்."

"மீன் இல்லனா ஆளு இல்லியா?"

சௌமியா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஆளையும் மீனையும் ஒரே கட்டமாக எழுதியது அவள்தான். ஆளை மறைக்கும்படி யாரும் கேட்டதில்லை. மீன் இல்லை என்று தெரிந்தால் போதும் என்றுதான் கேட்டார்கள். கிண்டி வருவதற்குள் போனிலேயே அதைப் பிரித்தாள். இனி முகமும் பெயரும் எப்போதும் இருக்கும். மீன் வரி மட்டும் மாறும். தேசம்மாவின் முகம் முதல் கட்டத்தில் வந்தது, கீழே 'இன்று மீன் இல்லை' என்று.

அதைப் படிக்காத கட்டைவிரல் ஒன்று உடனே அழுத்தியது. தேசம்மாவின் போன் அடித்தது.

"ஆமாமா, நான்தான். நல்லா கீறேன். இல்லமா, இன்னிக்கு எடுக்கல... இரு, இரு, வெச்சிடாத." போனைப் பக்கத்தில் நீட்டினார். "இந்தா பச்ச, கானாங்கத்த கேக்கறாங்கோ. நல்லதாப் பாத்துப் போடு. என் கஷ்டமரு."

"குடு மே, சொம்மா பேசிகினு" என்று பச்சையம்மா செதில் ஒட்டிய கையாலேயே வாங்கிக்கொண்டார்.