பிரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டு

என் மனைவி இஸ்ரேல் தேசத்தில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். உறுவையாற்று வீட்டில் நான் மட்டும்தான். அரியூரில் ஒரு காலேஜில் தோட்ட வேலை. நாலு மணிக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் டீ குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

நாலரைக்கு அவள் வீடியோவில் கூப்பிடுவாள். அந்த அம்மாள் மதியம் தூங்கும் நேரம் அது. ஒருநாள் அவள் கையில் மாத்திரை டப்பா. மேலே கட்டம் கட்டமாக எழுத்து.

"இன்னா எழுதியிருக்கு?" என்றேன்.

"யாருக்குத் தெரியும் மாமா? பேசுனா புரியும், நானும் பேசுவேன். படிக்க வராது."

வேதப்புத்தகத்தில் 119-ஆம் சங்கீதம் என்கிற நீளமான பாட்டின் நடுநடுவே ஆலெப், பேத், கிமேல் என்று தலைப்பு வரும். சின்ன வயதில் அதெல்லாம் யாரோ ஆட்களின் பெயர் என்று நினைத்திருந்தேன். இஸ்ரேல்காரர்களின் எபிரெய எழுத்துகளின் பெயர் என்று பிறகு போதகர் சொன்னார். பெயர் மனப்பாடம், உருவம்தான் தெரியாது. தெரிந்துகொண்டால் இங்கிருந்தே அவளுக்குப் படித்துச் சொல்லலாமே. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்கக்கூட ஆள் இல்லாதவனுக்கு அது பெரிய காரியமாகப் பட்டது.

ஜெபம் பண்ணிவிட்டு, போனைப் பார்த்துப் பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவேன். வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போக வேண்டும். எழுதியதன் மேலேயே கை ஊர்ந்து மையெல்லாம் கையில் ஏறிவிடும்.

"இன்னாண்ணே, எலெக்ஷனே இல்ல, கையெல்லாம் மை? கள்ள ஓட்டா?" என்று கூட வேலை செய்கிறவர் கேலி பண்ணினார்.

பார்க்க ஒன்றுபோல இருக்கும் டாலெத்துக்கும் ரேஷுக்கும் வித்தியாசம் பிடிபடவே பத்து நாள் ஆனது. இருபத்திரண்டு எழுத்தும் வந்த பிறகு அந்த டப்பாவைக் காட்டச் சொன்னேன்.

"பேத், வௌ, கோப், ரேஷ்... போ...கெ...ர்."

"போகெர்! காலைலன்னு அர்த்தம் மாமா! எட்டாவதுல தமிழையே ஒழுங்கா எழுதாத ஆளு நீ!" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அப்போது மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் ஊருக்குப் போக வேண்டும் என்று அந்த அம்மாளின் மகளிடம் இவள் லீவு கேட்டிருந்தாள். ஒருநாள் போனைப் பிரிட்ஜுக்கு நேராகப் பிடித்தாள்.

"அவங்க அவசரமா வந்து சீட்டு ஒட்டிட்டுப் போயிட்டாங்க. போன் எடுக்கல. லீவு பத்தித்தான் இருக்கும். படி மாமா."

பார்த்தேன். ஒன்றுமே தெரிந்த எழுத்தாக இல்லை. வளைவும் சுழியுமாக ஓடியது. அச்செழுத்து வேறு, அவர்கள் கையால் எழுதுவது வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நேர்க்கோடு மட்டும் வௌ மாதிரி இருந்தது.

"இன்னா மாமா, சும்மா இருக்க?"

"தெரியலமா" என்றேன்.

"சரி வுடு" என்றாள். அவள் குரல் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அந்த மகளிடம் கேட்டுவிட்டு அவளே சொன்னாள்.

"பதிலுக்கு ஆள் கெடைக்கலையாம். இப்ப போவ முடியாதுன்னு எழுதியிருக்காங்க." பிறகு, "சீட்ட போட்டோ எடுத்து அனுப்புறேன். நீ கத்துக்க."

பிரசவத்துக்கு நான்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பேத்தி பிறந்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வீடியோவில் காட்டினேன்.

மறுபடி ஆலெப்பிலிருந்து தொடங்கி, கையெழுத்து உருவங்களை எழுதிப் பழகினேன். அர்த்தம் தெரிந்த சீட்டு அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன். அந்தப் பாஷையில் கையெழுத்தில் நான் முழுதாகப் படித்த முதல் வரி, அவளால் இப்போது வர முடியாது என்பதுதான்.