பூசணிக்காயும் கருவாடும்

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடித்தவனையும் அடிவாங்கினவனையும் பக்கத்துக் கதிரைகளில் இருத்தி, நடுவில் ஒரு தட்டு பிஸ்கட்டை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களின் சொல் அது. இப்படிப்பட்ட நான் அப்படி ஒரு நல்லிணக்கக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியதற்கு, நானா என்று நாங்கள் கூப்பிடும் அந்த மனிதர்தான் காரணம்.

நானா எலக்ட்ரீசியன். ஊரை விட்டு இந்தக் குளிர் தேசத்துக்கு வந்து, மோர்னிங்சைட்டில் அம்மாவும் நானும் வீடு வாங்கியபோது பேஸ்மென்டுக்கு வயர் இழுக்க வந்தவர். யாழ்ப்பாணத்து முஸ்லிம். உடுத்த உடுப்போடு வெளியே போ என்று எங்களவர்களே துவக்கைக் காட்டித் துரத்திய சனங்களில் ஒருவர். அதைப் பற்றி என்னிடம் ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். அவரோ, "தங்கச்சி, மாதத்தின்ரை முதல் ஞாயிறு சேர்ச் ஹோலிலை கூடுறம். அம்மாவைப் படுக்கவிட்டிட்டு ஒருக்கா வாங்கோவன்" என்று மட்டும் கேட்டார். எந்த முகத்தோடு மாட்டேன் என்பது?

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று கொஞ்சப் பேர் வருவார்கள். ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. ஆளுக்கொரு சாப்பாடு வீட்டில் சமைத்துக் கொண்டுவர வேண்டும், சாப்பிட்டு முடியும்வரை அரசியல் கதைக்கக் கூடாது. முதல் தடவை நான் வேண்டுமென்றே கடையில் வாங்கிய ரோல்ஸைக் கொண்டுபோனேன். நானா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வீட்டிலை செய்த மாதிரியே இருக்குது" என்றார். அடுத்த மாதம் கத்தரிக்காய்ப் பொரியல் குழம்பு வைத்துக்கொண்டு போனேன்.

அங்கேதான் அந்தச் சிங்களப் பெண் எனக்குச் சிநேகிதியானாள். என் வயதுதான். பிக்கரிங்கில் இருந்து வருவாள். அவளுடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் பேக்கரி வைத்திருந்து, கலவரத்தோடு பூட்டிவிட்டுத் தெற்கே போனவர். அவள் அப்போது சின்னப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் தமிழ் வளராமல் அப்படியே அவளிடம் மிஞ்சிக் கிடந்தது. மற்றதெல்லாம் எங்களுக்குள் ஆங்கிலம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் கிரிபத் கொண்டுவருவாள். தேங்காய்ப்பாலில் குழைய அவித்து, தட்டில் பரப்பி, துண்டு துண்டாக வெட்டிய பாற்சோறு. மாதம் பிறந்தால் அவர்கள் வீடுகளில் அதுதான் முதல் சாப்பாடாம். உண்மையைச் சொன்னால், அதற்காகவே நான் போன மாதங்களும் உண்டு.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு, ஹோலின் குசினியில் இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். ராணுவத்தில் சேர்ந்தவன், முத்திரை வைத்த பெட்டியில் திரும்பி வந்தவன். திறந்து பார்க்க விடவில்லையாம். அவர்கள் ஊரிலும் சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள் சோறும் பூசணிக்காய்க் கறியும் கருவாடும் சமைத்துக் கொண்டுவருவார்கள். சாவு வீட்டுச் சாப்பாடு என்றால் அங்கே அதுதான். "அன்றிலிருந்து நான் பூசணிக்காய் தொட்டதில்லை" என்றாள். உன் தம்பியின் ராணுவம் என் ஊரில் என்னவெல்லாம் செய்தது தெரியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கழுவி முடித்த தட்டையே அவள் திரும்பத் திரும்பத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். எங்கள் சாவு வீடுகளில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மீன் வாசமே வரக்கூடாது என்று சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. என் தம்பி அப்போது உயிரோடு இருந்தான்.

தம்பி வன்னியில் வாத்தியார். எத்தனையோ முறை கூப்பிட்டும், பிள்ளைகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றவன். கடைசி யுத்தம் நடந்த அந்த வருடம் மாசிக்குப் பிறகு அவனுடைய போன் நின்றுவிட்டது. வேலை முடிந்தால் டவுன்டவுனில் சனங்களோடு சனமாகத் தெருவில் நின்று யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கத்துவேன். தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தால், அம்மா போனுக்குப் பக்கத்திலேயே இருப்பார். மே மாதம் யுத்தம் முடிந்தது என்றார்கள். சில நாள் கழித்து ஒரு மத்தியானம், முகாமில் இருந்து அவனிடம் படித்த பெண் ஒருத்தி போன் எடுத்தாள்.

"அக்கா, சேர் தண்ணி எடுக்கவெண்டு பங்கரை விட்டு வெளியிலை போனவர். ஷெல் விழுந்திட்டுது. நாங்கள்தான் மண் போட்டனாங்கள்."

பக்கத்து அறையில் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "சரி பிள்ளை, நீ கவனமா இரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அதற்குக் காரணம் மீன். யுத்தம் முடிந்த அன்றிலிருந்து அம்மா எங்கள் வீட்டில் ஒரு நாளும் மீன் இல்லாமல் சமைக்கவில்லை. காலம் முழுக்க வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாத மனுஷி, வெள்ளிக்கிழமையும் விளைமீன் வாங்கி வரச் சொன்னார். காரியம் செய்வதைப் பற்றி உறவுக்காரப் பெண் ஒருத்தி மெல்ல வாயெடுத்தபோது, அவளைக் கையில் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "மணக்குதே? மீன் கொதிக்குது. இது செத்தவீடில்லை, விளங்குதே?" வந்தவள் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டாள்.

அந்தச் சட்டியைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் மட்டும் சத்தமில்லாமல் மீனை விட்டேன். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பருப்போடு சாப்பிட்டேன். தம்பிக்கு நான் செய்த காரியம் அவ்வளவுதான். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்த ஒரு நாள் நானாவிடம் மட்டும் சொல்லி அழுதேன்.

ஜூன் கூட்டத்துக்கு அவள் வழமைபோலக் கிரிபத்தோடு வந்தாள். அந்த நாட்களில் இன்டர்நெட்டைத் திறந்தால் கொழும்புத் தெருக்களில் கொடியும் வெடியும்தான். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிக்காக அதே பாற்சோற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது மாதம் பிறந்த சாப்பாடு. யோசிக்காமல் கொண்டுவந்துவிட்டாள். மேசையில் தட்டை வைத்ததும் தமிழ்ச் சனம் கதையை நிறுத்தியது.

"எடு. இதை எடுத்துக்கொண்டு போ" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று. துணியால் மூடித் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நானா அவளுக்குப் பின்னால் கார் வரை போனார். என் தம்பி செத்த கதையை அவர் அங்கேதான் அவளிடம் சொல்லியிருக்கிறார் போல. அன்று ஒருவரும் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். வெள்ளை உடுப்பு. கையில் துணியால் கட்டிய இரண்டு சட்டி. கதவைத் திறந்ததுமே பூசணிக்காய் வாசம் வந்தது.

"அம்மாவுக்குத் தெரியாது" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னேன். அவள் பின்னுக்கு ஒரு அடி வைத்தாள். அதற்குள் அம்மா வந்துவிட்டார்.

"ஆர் பிள்ளை இது?"

"கூட்டத்துக்கு வாற சிநேகிதி, அம்மா. சிங்களப் பிள்ளை."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சட்டிகளை வாங்கி மேசையில் வைத்து ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். இரண்டாவது சட்டியைத் திறந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"கருவாடு! பாத்தியே? எங்கடை சனம் காரியம் செய் எண்டு கழுத்தறுக்குது. இந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குது. செத்தவீட்டுக்கு ஆரும் கருவாடு கொண்டு வருவினமே, பிள்ளை?"

கேள்வி அவளுக்குத்தான். அவளுக்கு அந்தளவு தமிழ் விளங்கும். என் தம்பியின் சாவுக்குத் துக்கம் கேட்க வந்தவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"இல்லை அம்மா" என்றாள், அந்தச் சின்னப் பிள்ளைத் தமிழில். "கொண்டு வராது."

அம்மா எங்கள் இருவரையும் இருத்திச் சோறு போட்டார். என் தட்டில் பெரிய கருவாட்டுத் துண்டாகப் பார்த்து வைத்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். வயிறு சரியில்லை என்று தொடங்கினேன்.

"இவ்வளவு நாளும் நீ மீன் தின்னேல்லை. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே?" அம்மா கோபமாகச் சொல்லவில்லை. அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தார். "ஏனெண்டு நான் கேக்கமாட்டன். நீயும் வாயைத் திறந்து ஒண்டும் சொல்லிப்போடாதை. இண்டைக்கு மட்டும் தின், பிள்ளை."

நான் தின்றேன். கருவாட்டு உப்போடு கண்ணீரும் சேர்ந்து வாய்க்குள் போயிற்று. எதிரே அவள் பூசணிக்காயில் ஒரு துண்டை எடுத்து, கொஞ்ச நேரம் விரலில் வைத்திருந்துவிட்டு வாயில் போட்டாள். அம்மாவும் தட்டைப் போட்டுக்கொண்டு எங்களோடு இருந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலை மீன்கடைக்குப் போகக் கார்ச் சாவியை எடுத்தேன். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.