மருந்துப் பெட்டியில் பிறந்த குட்டிகள்

நாற்பத்தாறு வயதில் பிஎச்டி முடிக்கக் கிளம்பியவனை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. சாத்தான்குளத்தில் பள்ளி ஆசிரியன் நான். தூத்துக்குடிக் கல்லூரி எனக்குக் கொடுத்த கடைசி அவகாசம் ஆறு மாதம். "நம்ம மக ஒங்கள முந்திருவா" என்றாள் மனைவி. மகள் அப்போது பிளஸ் டூ.

என் ஆராய்ச்சி அசுவினிப் பூச்சி. செடியின் சாற்றை மட்டுமே குடித்து, முட்டையிடாமல் குட்டி போட்டு வாழும் பிறவி. அந்தச் சாற்றில் சர்க்கரையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. உடம்பு வளரத் தேவையான அமினோ அமிலங்களை அதற்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் செய்து கொடுக்கின்றன. ஆன்டிபயாடிக் கொடுத்து அவற்றைக் கொன்றால் பூச்சி சூம்பிப்போகும், குட்டி போடாது. இதை எங்கள் ஊர்த் தட்டைப்பயறு அசுவினியில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பெட்டியில் மருந்து குடித்த கூட்டம், பக்கத்துப் பெட்டியில் குடிக்காத கூட்டம். குடிக்காதது பெருகி வழிந்தது. குடித்தது சொன்னபடி சூம்பியது.

கல்லூரி ஆய்வகத்துக்கு நான் சனிக்கிழமைதான் வருவேன். மற்ற நாட்களில் பெட்டிகளுக்குள் இருந்த பயறு நாற்றுக்குத் தண்ணீர் விட்டவர், தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஆய்வக உதவியாளர். என் வயதுதான், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா.

ஒரு சனிக்கிழமை மருந்துப் பெட்டியைத் திறந்தால் இலை முழுக்கக் குட்டிகள்! உலகத்துப் பாடப்புத்தகங்களையெல்லாம் திருத்தப் போகிறவன் நான் என்று தலைகால் புரியவில்லை. என்னைவிடப் பத்து வயது இளைய கைடைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் துறைத் தலைவரிடம் சொல்ல ஓடினார். நான் மக்ரூன் இனிப்பு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

அக்கா மக்ரூனைக் கடித்தபடி நிதானமாகச் சொன்னார். "அது புள்ள குட்டி இல்லாம வாடிப்போயி கெடந்துச்சு சார். பாவமா இருந்துச்சு. பக்கத்துப் பெட்டில நெறையக் கெடக்கேன்னு நாலு தாய்ப்பூச்சிய எடுத்து அங்கன விட்டேன். குடும்பம் பெருகிட்டுல்லா?"

நான் கத்தினேன். நாலு மாதம் பாழ், துறைத் தலைவர் முகத்தில் எப்படி முழிப்பேன், பெட்டியில் கைவைக்க யார் சொன்னது என்று மூச்சு வாங்கக் கத்தினேன். அவர் அசையவில்லை.

"உள்ள இருந்த பாக்டீரியா செத்ததாலதான அதுக்குப் புள்ள இல்லாமப் போச்சு?"

"ஆமா."

"கொன்னது யாரு?"

"நான்தான்."

"பொறவு என்னைய எதுக்கு ஏசுதிய?"

துறைத் தலைவரிடம் போய், கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவமானமாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பித்தேன். பெட்டிக்குப் பூட்டும் வாங்கினேன். ஆனால் மருந்து கொடுக்கும்போது மட்டும், அக்கா வெளியே போகும்வரை காத்திருந்தேன்.