வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய்

தஞ்சாவூரில் உள்ள ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்தின் சீட்டில் அருள்சாமியைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "ஆண், வயது 48. அறுவடை இயந்திர ஓட்டுநர். ஒத்துழைக்க மறுப்பவர். பிடிவாத குணம் உடையவர். பிறர் சொல்லுக்கு மதிப்பளிப்பதில்லை."

அவர் மெஷின் ஓட்டும் பூதலூர் வட்டாரத்தில் இதைப் படித்துக் காட்டினால் வேறு யாரையோ பற்றி எழுதியது என்றுதான் நினைப்பார்கள். அருள்சாமி பிறந்ததிலிருந்து எதற்கும் ஒத்துழைக்க மறுத்ததில்லை. அவருடைய நோயே அதுதான். மையத்தின் ஆலோசகர் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் "சரிங்க சார்" என்றார். இனிமேல் குடிக்கக் கூடாது. சரிங்க சார். பழைய கூட்டாளிகளோடு சேரக் கூடாது. சரிங்க சார். வீட்டுக்கு அனுப்பினார்கள். பேருந்து நிலையத்தில் பழைய கூட்டாளி ஒருவர் எதிரே வந்து, "என்னண்ணே, இப்புடி எளைச்சுப் போயிட்டீங்க? வாங்க, ஒண்ணு போட்டுட்டுப் போவோம்" என்றார். அவருக்கும் "சரிப்பா" என்றார். மறுபடி கொண்டுவந்து சேர்த்தபோது மையத்துக்காரர்கள் கடுப்பில் எழுதியது அந்தச் சீட்டு.

அறுவடை மெஷின் ஓட்டுகிறவருக்குக் குடி என்பது இந்தப் பக்கத்தில் கெட்ட பழக்கம் அல்ல, தொழில் நடைமுறை. குறுவை முற்றித் தலை சாய்ந்து நிற்கும். மேலே மேகம் கூடும். சேற்றில் இறங்கக்கூடிய, செயின் பூட்டிய அறுவடை மெஷினோ வட்டாரத்துக்கு இரண்டு மூன்றுதான். வாடகை எல்லோருக்கும் ஒன்று. ஆகவே தன் வயலில் முதலில் இறங்க வேண்டும் என்று நினைக்கும் வயல்காரர், துண்டில் ஒரு குவார்ட்டரைச் சுருட்டிக்கொண்டு வந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைப்பார். டிரைவர் வாங்கிக்கொண்டால் வரிசையில் இடம் கிடைத்துவிட்டது என்று பொருள். வாங்காவிட்டால், பக்கத்து வயல்காரரிடம் அதைவிடப் பெரிதாக வாங்கிவிட்டார் என்று பொருள். நேர்மை என்று மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றியதில்லை. அருள்சாமிக்கே தோன்றியதில்லை.

குடித்தால் மனிதன் கெட்டவனாகிவிடுவான் என்று சொல்வார்கள். அருள்சாமி இன்னும் நல்லவராகிவிடுவார். கேட்டவர்களுக்கெல்லாம், "நாளைக்கு மொத வயலு உங்களுதுதாங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மெஷினடியில் படுத்துத் தூங்கிவிடுவார். விடிந்தால் வரப்பில் நாலைந்து பேர் நின்று, முதல் வயல் யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை மெஷினை வாய்க்காலுக்குள் இறக்கினார். மகள் சான்ட்ரா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, வெள்ளை உடுப்பில் பிள்ளை கோயில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வைக்கோல் போரில் தூங்கிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசித் தீர்த்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வேளாங்கண்ணிக்கு மாலை போட்டுவிட்டால் மட்டும் அருள்சாமி வேறு ஆள். காவி வேட்டி, கழுத்தில் ஜெபமாலை, வெறுங்கால், வாயில் மாதா பாட்டு. குடியின் வாசனை அடித்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். இதில் அவருடைய வைராக்கியம் பாதி, ஊருடைய மரியாதை பாதி. குடிக்காமலிருக்க ஒரு தமிழன் சொல்லக்கூடிய காரணங்களில் மறுபேச்சில்லாமல் எடுபடுவது இது ஒன்றுதான். ஈரல் கெட்டுப்போச்சு என்று சொல்லிப் பாருங்கள், "அப்ப தண்ணி நெறைய கலந்துக்க" என்பார்கள். மாலை என்று சொன்னால், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பாட்டிலை மறைத்துக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு வருடமும் நடைப்பயணம் முடிந்து, கோயிலில் மாலையைக் கழற்றிய அன்றே, பொழுது சாய்வதற்குள் பழைய அருள்சாமி திரும்பி வந்துவிடுவார்.

"குடியை விட வையுங்க தாயே" என்றுதான் அவர் வருடா வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். போன வருடம், இரண்டாம் தடவை மையத்துக்குப் போய்வந்த பிறகு, அதையே கேட்க வெட்கமாக இருந்தது. கடனைத் திருப்பாதவன் அதே வீட்டுக் கதவை மறுபடி தட்டுகிற மாதிரி. நீடாமங்கலம் தாண்டித் திருவாரூர் வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தார். குடிக்காமல் இருக்க முடியாமல் இல்லை; நடக்கிற நாளெல்லாம் இருக்கத்தானே செய்கிறோம்? நாக்குத் துடிக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை. அதையெல்லாம் தாங்க முடிகிறது. ஊற்றிக் கொடுக்கிறவன் முகம் சுருங்குவதைத்தான் தாங்க முடியவில்லை. இது புரிந்தபோது தார் ரோடு காலைச் சுட்டுக்கொண்டிருந்தது; அருள்சாமிக்குச் சிரிப்பு வந்தது.

வேளாங்கண்ணியில் முழங்காலிட்டுக் கேட்டது இதுதான்: "தாயே, பெருசா ஒண்ணும் வேணாம். வேணாம்னு சொல்ல ஒரு வாயி குடுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

திரும்பி வந்ததும் ஒரு சிக்கல். மற்றவர்களுக்கு மாலை போட்டது பங்குச் சாமியார். அருள்சாமி அன்று வயலில் சிக்கிக்கொண்டு பூசைக்குத் தாமதமாக வந்ததால், மந்திரித்த மாலையை மனைவி எல்சி வாங்கி வைத்திருந்து, வீட்டு மாதா படத்துக்கு முன்னால் தானே அவர் கழுத்தில் போட்டிருந்தாள். இப்போது சாமியார் வரிசையாக எல்லோருக்கும் கழற்றிக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு யாரு போட்டது?" என்றார்.

"வீட்டுலங்க ஃபாதர்."

"அப்ப அவங்ககிட்டயே கழட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்க் கழற்றச் சொன்னபோது எல்சி தையல் மெஷினை விட்டு நிமிரக்கூட இல்லை. "போட்டவ நானு. எப்பக் கழட்டணும்னு எனக்குத் தெரியும். நீங்க போயி வேலையப் பாருங்க."

"ஊரு என்ன சொல்லும் எல்சி?"

"ஊருக்கு நானா மாலை போட்டேன்?"

அதன் பிறகு பிஷப்புக்குரிய அதிகாரங்களை எல்சி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டாள். மெஷினில் வெறுங்காலோடு ஏற வேண்டாம் என்று செருப்புக்கு அனுமதி கொடுத்தாள். காவி வேட்டி கியரில் மாட்டும் என்று கால்சட்டைக்குக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் மீனுக்குக் கொடுத்தாள். ஒன்றுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அருள்சாமி வெளியே முணுமுணுத்துக்கொண்டார், உள்ளே அவருக்கு ஒரே கொண்டாட்டம். கேட்ட வரம் இப்படியா கிடைக்கும்! யாராவது துண்டோடு வந்தால் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து விடுவார், அவ்வளவுதான். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. வரிசைப்படி வயல் இறங்கியது, வரப்பில் சண்டை இல்லை, சான்ட்ரா அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கில் இரண்டு முட்டை வைக்க ஆரம்பித்தாள்.

இதையெல்லாம் கெடுத்தவன் மருதையன். மெஷினுக்கு வயல் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர். கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன். ஒரு முற்பகலில் டீ குடித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, எப்பண்ணே மாலை கழட்டுறீங்க? ஊருல ஆளுக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"என்னத்தடா?"

"ஒண்ணும் தெரியாத மாதிரிதான். எல்லாம் இராஜாங்கம் ஐயா மோட்டார் கொட்டாயிலதான் இருக்கு. வாங்குன அன்னிக்கே குடுக்க முடியல, நீங்க மாலை போட்டிருந்தீங்க. அதுக்காகக் கணக்க விட்டுட முடியுமா? அவரு தன் பங்குக்கு முழுப் பாட்டிலே வாங்கி வச்சிருக்காரு. ஒன்பது மா, மூணு ஏக்கரு நெல்லுல்ல?"

அருள்சாமி டீயைக் கீழே வைத்தார். முழுப் பாட்டில் என்று காதில் விழுந்ததும் நாக்கின் அடியில் ஊறியது. அதுகூடப் பரவாயில்லை. எல்சி எப்படியும் கிறிஸ்துமஸுக்குள் கழற்றிவிடுவாள் என்று மனம் தன்பாட்டுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தது. அது எப்போதிலிருந்து பார்க்கிறது என்று யோசித்தார். மாலை போட்ட நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மோட்டார் கொட்டகையில் பாட்டில்கள் பெண் வீட்டார் போல வரிசையாக உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையாகத் தான் போய் இறங்கும் காட்சி கண்ணில் தெரிந்தது. 

"சாப்புட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்; சாப்பிடப் போகவில்லை. தெருமுனையில் மாதா கெபி இருக்கிறது; கம்பிக் கதவு, உள்ளே சிமெண்டுப் பாறை, நீலச் சேலையில் மாதா. வெயிலில் யாரும் இல்லை.

"தாயே, நான் கேட்டது வாயி" என்றார். "நீங்க குடுத்தத நான் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியுறேன். கழுத்து வேணாங்குது. வாயி இன்னும் சரிங்கன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கு."

எங்கோ ஒரு பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. அருள்சாமி ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னார். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். பிறகு மாலையைத் தானே கழற்றி முத்தமிட்டுக் கம்பிக் கதவில் மாட்டினார். திரும்பி நடக்கும்போது கழுத்தில் காற்று பட்டது. நடுத்தெருவில் சட்டையில்லாமல் நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

மெஷினடிக்கு அவர் வந்து சேருமுன், வழியில் வெறுங்கழுத்தைப் பார்த்தவர்கள் மூலம் செய்தி வந்து சேர்ந்திருந்தது. "கழட்டியாச்சு! கழட்டியாச்சு!" என்று மருதையன் செல்போனில் கத்திக்கொண்டிருந்தான். இராஜாங்கம் வரப்பில் வேகமாக வந்தார். அறுபது வயதுக்காரர், கையில் துண்டுச் சுருள், ஒரு பொட்டலம் காராசேவு, பிளாஸ்டிக் டம்ளர். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இராஜாங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாப்பா அருளு! இப்பதான் பழைய ஆளு மாதிரி இருக்க. இந்தா, ஒரு வாயி. அப்புறம் நம்ம வயலுல எறங்கு."

மூடியைத் திருகினார். வாசனை வந்தது. அருள்சாமிக்குக் கண் கலங்கியது. அந்த வாசனைக்கு அவர் உடம்பில் அத்தனை பழைய உறவு இருந்தது.

அதே நேரம் ரோட்டில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. எல்சி. கழுத்தில் தையல் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கணவனின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள், இராஜாங்கத்தின் கையைப் பார்த்தாள், வரப்பில் இறங்காமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

"வேணாங்க" என்றார் அருள்சாமி.

சத்தம் வரவில்லை. இராஜாங்கம் டம்ளரை நீட்டியபடியே இருந்தார். அருள்சாமி எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி சொன்னார்: "வேணாங்க."

"மாலைதான் கழட்டியாச்சே?"

"கழட்டியாச்சுங்க."

"டாக்டரு சொன்னாரா?"

"இல்லிங்க."

"என்மேல கோவமா?"

"ஐயோ, இல்லிங்க."

"அப்ப மேலத் தெருக்காரன்கிட்ட வாங்கிட்ட. எவ்வளவு பெருசு? சொல்லு, நான் அதுக்கு மேல தர்றேன்."

"யாருகிட்டயும் வாங்கலிங்க. எனக்கு வேணாம். நாளைக்கும் வேணாம், தீவாளிக்கும் வேணாம்." இதற்குள் வாய்க்குக் கொஞ்சம் பழகிவிட்டது. "கிறிஸ்துமஸுக்கும் வேணாங்க."

இராஜாங்கத்தின் முகம் சுருங்கியது. அருள்சாமி பார்த்துக்கொண்டே நின்றார். சுருங்கியது, அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த முகத்தில் கோபத்தைவிடப் பயம் தெரிந்தது.

"அப்ப என் வயலு?"

"வரிசையில அடுத்தது உங்க வயலுதாங்க."

"சும்மாவேவா?"

"சும்மாவேதாங்க. வாடகை மட்டும் குடுங்க."

இராஜாங்கம் டம்ளரைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், மருதையனைப் பார்த்தார். "இது தெரிஞ்சிருந்தா முழுசு வாங்கியிருக்க மாட்டேனேடா!" என்றார். மருதையன் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காராசேவு மட்டும் யாருக்கும் ஆட்சேபணை இல்லாமல் காலியானது.

எல்சி மெதுவாக இறங்கி வந்தாள். "யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"மாதாவக் கேட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் நானே கழட்டுனேன்."

"என்னக் கேக்கணும்னு தோணல?"

"கேட்டா நீ வேணாம்ப."

எல்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல், "வெயிலுல நிக்காம ஏறுங்க மேல, மழை வருதுல்ல?" என்று அதட்டினாள்.

அருள்சாமி மெஷினில் ஏறி இராஜாங்கத்தின் வயலில் இறக்கினார். ஒன்பது மாவையும் மழைக்கு முன்னால் அறுத்து முடித்தார். அன்று அவர் குடிக்கவில்லை. அதற்குப் பிறகும் குடிக்கவில்லை.