ஓர்கன் மூடிய வெள்ளிக்கிழமை

எங்கள் வேதக்கோவில் ஓர்கனை மூடிவைக்கும் நாளுக்காக அந்த வருஷம் ஆசையோடு காத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடி மணிகள் ஓய்ந்தால், உயிர்ப்புப் பூசை வரைக்கும் ஓர்கன் வாசிக்கக் கூடாது. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். பாட்டெல்லாம் வெறும் குரலில்தான். ஓர்கனை மூடினால் அதை வாசிக்கும் அக்காவின் பவிசும் அடங்கிவிடும் என்பது என் கணக்கு.

அக்கா என் கூடப் பிறந்தவள் அல்ல, பெரியம்மாவின் மகள். சண்டை முடிந்த பிறகு வன்னி முகாமிலிருந்து தனியாக நுரைச்சோலைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தவள். பெரியம்மா குடும்பத்தில் மிஞ்சியது அவள் மட்டும்தான் என்று எனக்குச் சொன்னார்கள். கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

கன்னியர் மடத்தில் பழகிய விரல்களை அவள் எங்கள் கோவில் ஓர்கனில் வைத்ததும் ஊரே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. "இந்தப் பிள்ளைட விரலில சம்மனசு இருக்கு" என்றார் பங்குச் சுவாமி, வானதூதரையே கண்டவர்போல. மார்கழியில் நத்தார்ப் பூசையும் அவளுடையது, மூன்று ராசாக்கள் திருநாளும் அவளுடையது. அதுவரை எனக்கு வந்துகொண்டிருந்த பாரைமீன் தலை அவள் சோற்றுக் கோப்பைக்குப் போயிற்று. அம்மா அவளுக்குத்தான் தலை வாரிப் பின்னிவிட்டார். நான் என் சிக்கை நானே பிய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

ஆனால் அவள் வாசிப்பாளே தவிர, வாய் திறந்து பாடமாட்டாள். எனக்குக் குரல் இருந்தது. பெரிய வெள்ளிக்கு ஒப்பாரி பாட சுவாமி என்னைச் சொன்னபோது, கடற்கரை மீன்வாடிக் குடிசைக்குப் பின்னால் நின்று காகங்கள் கலைந்தோடப் பாடிப் பழகினேன். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தி மாதா அழும் பாட்டு அது. பேர் சொல்லிக் கூப்பிடுவாள், தலையைத் தடவுவாள், ஒருக்கா கண்ணைத் திற என்று கெஞ்சுவாள். எனக்கு எல்லாம் மனப்பாடம். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அம்மா கேட்க வேண்டும். கேட்டுவிட்டு என்னையும் ஒரு தரம் அப்படிப் பார்க்க வேண்டும்.

அன்று ஓர்கன் மேல் ஊதாத் துணி கிடந்தது. அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில், பெண்களோடு பெண்ணாகப் பாயில் இருந்தாள். நான் நடுவில் நின்று தொடங்கினேன். இரண்டாம் அடியிலேயே மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. மாதா மகனைக் கண் திறக்கச் சொல்லும் இடம் வந்ததும், படித்த வித்தையெல்லாம் கூட்டி இழுத்துப் பாடினேன்.

அக்கா எழும்பினாள். சனத்தை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவளுக்குப் பொறாமை, தாங்க முடியவில்லை என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அடுத்த கணம் அம்மாவும் எழுந்து அவள் பின்னால் போய்விட்டார். மிச்சப் பாட்டை நான் காலியான அந்தப் பாய்க்குப் பாடி முடித்தேன்.

வெளியே பூவரச மரத்தடியில் அம்மா அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் முகமும் நனைந்திருந்தது.

"நான் பாடினது கேட்டதா, அம்மா?" என்றேன்.

"கேட்டது மகள். நீ வீட்ட போ, நாங்க வாறம்."

நான் பாட்டுக்குப் பாடிய அதே சொற்களைப் பெரியம்மா ஒரு பதுங்குகுழிக்குள் சொல்லிக்கொண்டிருந்தார் என்றும், அவர் மடியில் கிடந்தது அக்காவின் தம்பி என்றும், பக்கத்தில் இருந்து அக்கா அதைக் கேட்டாள் என்றும் எனக்குக் கல்யாணம் பேசிய காலத்தில்தான் அம்மா சொன்னார். அன்று நான் கண்டது ஒன்றைத்தான்: என் பாட்டின் நடுவில் என் அம்மா எழுந்து இன்னொருத்தியிடம் போனார். மணலை உதைத்து உதைத்து, தனியாக வீட்டுக்கு நடந்தேன்.